ஜோஆனா பெய்லியை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா?

#1 சாரல்

இரண்டு மாதமாக ஒருவரையே படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி ஓய்வறையில் பேச்செடுத்தால் "யாரு அது?" என்கிறார்கள். அதனால் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன்.

ஜோஆனா பெய்லி. ஸ்காட்லாந்தில் பாத்வெல் ஊர்ப் பாதிரியாரின் மகள். 1762-இல் பிறந்து 1851-இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் இறந்தவர். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவற்றில் அவர் காலத்தில் மேடை ஏறியவற்றை விரல்விட்டு எண்ணலாம். வால்டர் ஸ்காட் தன் 'மார்மியன்' காவியத்தில், இவர் வந்ததும் ஷேக்ஸ்பியரே மறுபடி பிறந்துவிட்டதாக ஷேக்ஸ்பியர் ஊரின் ஏவன் ஆற்று அன்னங்கள் நினைத்தன என்று எழுதினார். 1808-இல் அது சாதாரணப் பாராட்டு இல்லை. அப்புறம் நூறு வருஷத்துக்குள் ஆள் சுத்தமாகக் காணாமல் போய்விட்டார். ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்த எனக்கு ரொமான்டிக் காலம் என்றால் ஐந்தாறு ஆண் கவிஞர்கள், அவ்வளவுதான். இவர் பெயர் பாடத்திட்டத்தில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட வரவில்லை.

நான் இதுவரை படித்தவை 'டி மான்ஃபர்ட்', 'கவுண்ட் பேசில்', 'ஒர்ரா' மூன்றும்தான். என் கேள்வி நேரானது. இவருடைய நாடகங்கள் உண்மையிலேயே மேடைக்கு லாயக்கில்லாதவையா? "வாசிப்பு நாடகம்" என்று ஒரு சீட்டு ஒட்டி அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார்களே, அதை ஒட்டியது யார்?

#2 பழையபுத்தகம்

நல்ல கேள்வி, டீச்சர். முதலில் புத்தகங்கள் வந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

முதல் நூல் 1790-இல் வந்த கவிதைத் தொகுப்பு. பெயர் போடாமல் வெளியிட்டார், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1798-இல்தான் வெடி. அதுவும் பெயரில்லாமலே வந்தது. மனத்தின் வலிய உணர்ச்சிகளைச் சித்திரிக்கும் நாடக வரிசை என்று நீளமான தலைப்பு. ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு துன்பியல், ஒரு இன்பியல் என்பது திட்டம். முதல் தொகுதியில் மூன்று நாடகங்கள் இருந்தன. காதலுக்கு 'கவுண்ட் பேசில்' துன்பியலும் 'தி ட்ரையல்' இன்பியலும், வெறுப்புக்கு 'டி மான்ஃபர்ட்'. முன்னால் எழுபது பக்கத்துக்கு மேல் ஒரு முன்னுரை. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 'லிரிகல் பேலட்ஸ்' கவிதைத் தொகுப்பை வெளியிட்டதும் அதே 1798-தான். ஆனால் வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற முன்னுரை 1800-இல்தான் வருகிறது. இயல்பான மனித உணர்ச்சியைத்தான் எழுத வேண்டும் என்று நீட்டி முழக்கி முதலில் சொன்னது பெய்லி. இதை நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எழுதியது யார் என்று லண்டனே மண்டையை உடைத்துக்கொண்டது. படித்த ஆண் ஒருவர் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். பாத் நகரில் ஒரு கூட்டத்தில் எழுத்தாளர் ஹெஸ்டர் பியோட்சி மட்டும் விளையாட்டாக "இல்லை, பெண்தான்" என்று வாதாடினாராம். அவர் சொன்ன காரணம் பிரமாதம்: கதாநாயகிகள் இரண்டு பேரும் இளமை கடந்தவர்கள், இருபத்தைந்து தாண்டிய பெண்ணைப் பற்றிப் பேச ஆண்களுக்குத் தோன்றவே தோன்றாது! 1800-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் வந்தது.

பிறகு 1802-இல் இரண்டாம் தொகுதி, 1804-இல் பல்சுவை நாடகங்கள், 1810-இல் 'தி ஃபேமிலி லெஜண்ட்', 1812-இல் மூன்றாம் தொகுதி. இடையில் வரலாற்றுக் கவிதைகள், நண்பர் ஒருவரின் பணக்கஷ்டத்துக்காகத் தொகுத்த ஒரு கவிதைத் திரட்டு, இயேசுவின் தன்மை பற்றி ஒரு சமயச் சிறுநூல். 1836-இல் மூன்று தொகுதிகளாக ஒரே வீச்சில் மிச்ச நாடகங்கள். 1851-இல் எல்லாம் சேர்ந்த ஒரே தடிப்புத்தகம். அதை அவரே "ராட்சசப் புத்தகம்" என்று கேலி செய்தார். அது வெளிவந்த அந்த வருஷமே, பிப்ரவரி 23 அன்று, போய்ச் சேர்ந்தார்.

#3 சுடுதண்ணி

டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'டி மான்ஃபர்ட்' நானும் படித்தேன். மூன்று தடவை தூங்கிப்போனேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், படிக்காதவர்கள் முடிவு செய்யட்டும். டி மான்ஃபர்ட் என்ற பிரபுவுக்கு ரெசன்வெல்ட் என்பவனைக் கண்டால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. ரெசன்வெல்ட் இவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வாள்சண்டையில் இவனை நிராயுதபாணியாக்கிவிட்டு உயிரோடு விட்டவன், அதுதான் அவன் செய்த பாவம். அக்கா ஜேன் வந்து சமாதானம் செய்கிறாள். அப்புறம் அக்காவுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று ஒரு வதந்தி. இவன் ராத்திரி காட்டில் ஒளிந்திருந்து அவனைக் குத்திக் கொல்கிறான். பிணத்தோடு இவனை ஒரு மடத்தில் அடைக்கிறார்கள். குற்ற உணர்விலேயே செத்துப்போகிறான்.

ஏன் வெறுக்கிறான்? தெரியாது. ஐந்து அங்கம் முழுக்க உர்ரென்று இருக்கிறான். இதைத்தான் பிரான்சிஸ் ஜெஃப்ரி 1803-இல் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் போட்டுக் கிழித்தார். திட்டமே தப்பு, மனுஷ மனம் ஒரே உணர்ச்சியில் தண்டவாளம் போட்ட மாதிரி ஓடாது என்றார். விமர்சகர் ஹாஸ்லிட்டும் அதையே சொன்னார்: சின்னப் பெண்கள் பொம்மையை வைத்து விளையாடுவது போல, வளர்ந்த மனிதர்களைக் கயிறு கட்டி ஆட்டுகிறார் என்று. மறந்துபோனது மறக்க வேண்டியதால்தான் என்று ஏன் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

#4 சாரல்

தம்பி, ஹாஸ்லிட்டின் உவமையைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். ஆண் எழுத்தாளரின் பாத்திரங்கள் விறைப்பாக இருந்தால் அவரைச் சின்னப் பையன் என்பார்களா?

ஆனால் "காரணம் இல்லை" என்ற புகாரை ஒதுக்க மாட்டேன். அது ஆண் விமர்சகர்கள் மட்டும் சொன்னதில்லை. எலிசபெத் இன்ச்பால்ட் தானே நடிகை, தானே நாடகாசிரியை. அவர் 1808-இல் 'டி மான்ஃபர்ட்'டுக்கு எழுதிய குறிப்பிலும் இதுதான் வருகிறது: பார்வையாளர் விளைவைப் பார்க்கிறார், காரணத்தைத் தேடுகிறார், கிடைக்காதபோது அவனை இரங்கத்தக்க ஒரு பைத்தியமாகவே எடுத்துக்கொள்கிறார். மேடையின் உள்ளும் புறமும் தெரிந்தவர் சொன்னது. அதனால் இதற்கு எடை உண்டு.

எனக்கோ அந்தக் காரணமின்மைதான் நாடகம். நம் எல்லாருக்கும் இப்படி ஒருவர் உண்டு. அலுவலகத்தில் அவர் சிரித்தாலே நமக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 'ஒத்தெல்லோ' நாடகத்து வில்லன் இயாகோவுக்காவது பதவி கிடைக்கவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது.

#5 திரைச்சீலை

நாடகக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாரும் பிரதியைப் பற்றியே பேசுகிறீர்கள், அரங்கத்தை யாரும் பார்க்கவில்லை.

1800 ஏப்ரல் 29-ஆம் தேதி 'டி மான்ஃபர்ட்' லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஏறியது. ஜான் ஃபிலிப் கெம்பிள் டி மான்ஃபர்ட், அவருடைய சொந்த அக்கா சாரா சிடன்ஸ் ஜேன். அந்தக் காலத்தின் ஆகப்பெரிய இரண்டு நட்சத்திரங்கள், அக்காவும் தம்பியுமாகவே. வில்லியம் கேப்பன் பழங்காலத் தேவாலயம் ஒன்றை அப்படியே மேடையில் எழுப்பினார். எட்டு இரவு ஓடியது. தோல்வி என்றும் சொல்ல முடியாது, வெற்றி என்றும் சொல்ல முடியாது.

இப்போது அரங்கத்தைப் பாருங்கள். 1794-இல் புதிதாகக் கட்டிய ட்ரூரி லேனில் சுமார் 3,600 பேர் உட்காரலாம். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவனுக்கு நடிகர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். அங்கே போய், ஒருவன் தன் வெறுப்பை மறைக்கப் பாடுபடும்போது உதட்டோரம் துடிப்பதை எப்படிக் காட்டுவது? கத்தத்தான் முடியும். வெறுப்பை மறைப்பவன் கத்தினால் நாடகம் செத்தது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பெய்லியே எழுதியிருக்கிறார். 1812 தொகுதியின் முன்னுரையைப் படியுங்கள். பெரிய அரங்கில் நுட்பமான முகபாவமும் தணிந்த குரலும் அழிந்துபோகின்றன, தனிமொழி பேசும் நடிகர் தனக்குள் பேசுவது போலவே இருக்காது என்கிறார். அடுத்து அவர் கைவைப்பது விளக்கில். மேடை விளிம்பில் தரையில் வைக்கும் விளக்கு கீழிருந்து முகத்தில் அடிக்கிறது, இயற்கையான நிழல்கள் தலைகீழாகின்றன, முகமே கெட்டுப்போகிறது, வெளிச்சம் மேலிருந்து வர வேண்டும் என்கிறார். எங்கள் ஊர்க் கோயில் கொடை மேடையில் டியூப்லைட்டைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ராஜா வேஷம் போட்டவன் பேய் மாதிரி இருந்தான். மேடைக்கு எழுதத் தெரியாத ஒருவருக்கு விளக்கு எந்தப் பக்கம் இருந்து விழ வேண்டும் என்ற கவலை எதற்கு?

#6 சுடுதண்ணி

விளக்கு விஷயம் எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, 1821-இல் எட்மண்ட் கீன் அதே 'டி மான்ஃபர்ட்'டை எடுத்து நடித்தார். முகபாவத்துக்கே பேர்போன நடிகர். ஐந்து இரவில் முடிந்துபோனது. கவிதையாக நல்லா இருக்கு, நடிக்கிற நாடகமா ஒருநாளும் ஆகாது என்று அவரே பிறகு கவிஞர் கேம்பலிடம் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், ஓடிய நாடகம் எது? 'தி ஃபேமிலி லெஜண்ட்'. எடின்பரோவில் 1810 ஜனவரி 29-இல் தொடங்கி மூன்று வாரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதில் உணர்ச்சி ஆராய்ச்சி கிடையாது. நல்ல கதை இருக்கிறது. மக்லீன் குலத்தலைவனுக்கு வாழ்க்கைப்பட்ட கேம்பல் குலத்துப் பெண்ணைக் கொண்டுபோய், அலை ஏறினால் மூழ்கும் பாறையில் தனியாக விட்டுவிட்டு வருகிறார்கள். இது நாடகம்! கதை இருந்தால் மேடை கைகொடுக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

#7 பழையபுத்தகம்

ஓடியதற்கு ஸ்காட்டும் ஒரு காரணம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னுரைக் கவிதை அவர் எழுதினார். எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம்போட்ட துணி என்பதுவரை அலைந்து விசாரித்தார். மக்லீன் வம்சத்தார் அரங்கிலேயே ரகளை செய்துவிடுவார்களோ என்று மேடையில் குலப்பெயரை மாற்றினார்கள். பின்னுரைக் கவிதை எழுதியவர் நாவலாசிரியர் ஹென்றி மெக்கன்சி. ஊரே தன் சொந்தக் கதையைப் பார்க்க வந்தது.

அந்த வெற்றியின் சூட்டோடு அதே எடின்பரோ அரங்கில் 'டி மான்ஃபர்ட்'டும் போட்டார்கள். லண்டன் அரங்கத்தைவிட அது சிறியது.

'கான்ஸ்டன்டைன் பேலியோலோகஸ்' பற்றியும் ஒரு வரி. கான்ஸ்டான்டிநோபிளின் வீழ்ச்சி. கெம்பிளையும் சிடன்ஸையும் மனத்தில் வைத்து எழுதியது, அவர்கள் எடுக்கவில்லை. பெரிய அரங்குகள் விட்டதை 1808-இல் தேம்ஸுக்குத் தெற்கே இருந்த சர்ரே அரங்கம் பாட்டும் கூத்துமாக மாற்றிப் போட்டது. பிற்காலத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் சுயசரிதையில், கடந்த இருநூறு ஆண்டுகளின் மிகச் சிறந்த நாடகங்களில் அது ஒன்று என்று எழுதினார். பொருளாதாரம் எழுதியவர் பாராட்டியதில் எனக்கு ஏனோ தனிச் சந்தோஷம்.

#8 புதுவரவு

வணக்கம், முதல் பதிவு. ஒரு உணர்ச்சிக்கு ஒரு நாடகம் என்றதும் எனக்குத் தொல்காப்பியத்தின் எண்வகை மெய்ப்பாடுதான் ஞாபகம் வந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒப்பிடலாமா?

#9 சாரல்

வாங்க! ஒப்பிடலாம், ஆனால் கொஞ்ச தூரம்தான் கூட வரும். நமக்கு மெய்ப்பாடு என்பது உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்பட்டு, பார்ப்பவருக்குப் புலப்படுவது. பெய்லிக்கு அதற்கு முந்தின கட்டம் முக்கியம். உணர்ச்சி எங்கே விதையாக விழுந்தது, எப்படி வளர்ந்தது, அவன் அதை எப்படி மறைத்தான் என்பது. துன்பியல் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கொழுந்துவிட்டு எரியும் உணர்ச்சியைத்தான் காட்டுகிறார்கள், முதல் பொறியைக் காட்டுவதில்லை என்பது அவர் குறை.

அந்த 1798 முன்னுரையில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. தூக்குத்தண்டனையைப் பார்க்க ஏன் அவ்வளவு கூட்டம் கூடுகிறது? கொடூரத்தை ரசிக்க வரவில்லை, அப்படி ஒரு நிலையில் ஒரு மனிதன் தன்னை எப்படித் தாங்கிக்கொள்கிறான் என்று பார்க்க வருகிறார்கள் என்கிறார். முடிந்தால் முந்தின இரவே சிறைக்குள் போய் அவன் தனியாக இருப்பதையும் பார்த்துவிட்டு வருவார்கள். இதைப் பரிவு கலந்த ஆவல் என்கிறார். மனத்துக்குள் எதையோ புதைத்து வைத்திருக்கிறான் என்று ஒருவனைப் பற்றித் தெரிந்துவிட்டால் அவன் சொல், அசைவு, பார்வை, தூரத்து நடையைக்கூட விடாமல் கவனிப்போம் என்கிறார். நம் தெருத் திண்ணைகள் இதற்குச் சாட்சி.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது? தாய்மாமன்கள் இரண்டு பேரும் பெயர்பெற்ற உடற்கூற்று மருத்துவர்கள், வில்லியம் ஹண்டரும் ஜான் ஹண்டரும். அண்ணன் மேத்யூ பெய்லி நோயுற்ற உறுப்புகளை அறுத்துப் பார்த்து 1793-இல் புத்தகம் எழுதியவர். மாமா விட்டுச்சென்ற லண்டன் விண்ட்மில் தெரு வீட்டில்தான், உடற்கூற்றுப் பள்ளிக்கும் அருங்காட்சியகத்துக்கும் பக்கத்தில், தங்கை நாடகம் எழுதத் தொடங்கினார். அண்ணன் உறுப்பை எடுத்து மேசைமேல் வைத்தார், தங்கை வெறுப்பை எடுத்து வைத்தார். நோய் முற்றும் விதத்தைப் பார்க்கிற பழக்கம் அது. சுடுதண்ணி கேட்ட "காரணம்" அவருக்கு இரண்டாம் பட்சம்தான்.

#10 சுடுதண்ணி

பிணவறையில் எழுதிய நாடகம். அதான் குளிர்ந்துபோய் இருக்கு. :)

#11 யாழ்வாசி

நல்ல இழை. இலங்கையிலிருந்து ஒரு விசயம் சேர்க்கிறன், ஒருத்தரும் தொடவில்லை.

பெய்லியின் 'தி பிரைட்' என்ற நாடகம் 1828-இல் வந்தது. கதை நடக்கிற இடம் இலங்கை. ராசிங்க என்றொரு தலைவன், மனைவி ஆர்ட்டினா இருக்கும்போதே இரண்டாவதாக ஒருத்தியை மணக்க முடிவெடுக்கிறான். ஆர்ட்டினா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய சகோதரன் சமர்கூன் எதிர்த்து எழும்புகிறான். பிடிபடுகிறான், மரண தண்டனை. யுவான் டி க்ரேடா என்ற ஸ்பானிய மருத்துவர் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார். தலைவனின் சின்ன மகன் சமரின் அன்பும் சேர்ந்து ராசிங்கவின் மனம் இளகுகிறது.

இதை எழுதச் சொன்னவர் சேர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன், இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தவர். அதற்கு முன் 1826-இல் வந்த 'தி மார்ட்டர்', நீரோ காலத்து ரோமில் கிறிஸ்தவனாக மாறும் படைவீரனின் கதை. அதைப் படித்த ஜான்ஸ்டன் சிங்களத்தில் மொழிபெயர்த்து இலங்கை மக்களுக்குக் கொடுக்க விரும்பினார். பிறகு இலங்கையையே களமாக வைத்து ஒன்று கேட்டார். பெய்லி முன்னுரையில் இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்கிறார். பழிவாங்கும் குணம் அங்கே கூடுதல், மன்னிப்பைக் கற்பிக்க வேணும் என்ற நோக்கத்தையும் மறைக்கவில்லை.

படிக்கும்போது எரிச்சல் வந்தது. ஹாம்ஸ்டெட்டில் இருந்துகொண்டு நாங்கள் எப்படிக் கோபப்படுகிறோம் என்று அளந்திருக்கிறா. ஆனால் ஆர்ட்டினா வாய் திறக்கிற இடங்களில் அந்த எரிச்சல் கொஞ்சம் மறந்துபோனது. புருசன் இரண்டாம் தாரம் கொண்டுவரும்போது "முடியாது" என்கிற பெண் லண்டனிலும் தேவைப்பட்டவள்தானே.

#12 வைகைக்கரை

யாழ்வாசி அண்ணா, ஜான்ஸ்டன் பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் எங்கள் மதுரையில் வளர்ந்தவர்!

1775-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அப்பா சாமுவேல் ஜான்ஸ்டன் கம்பெனி அதிகாரி. குடும்பம் மதுரைக்கு வந்தபோது பையனுக்கு ஆறு வயசு இருக்கும். மிஷனரி ஸ்வார்ட்ஸும் தாமஸ் மன்றோவும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் சின்ன வயதிலேயே கற்றார். அம்மா, மடக்கை கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வம்சம். இந்தியக் கணிதம் பற்றி மதுரைப் பண்டிதர்களிடம் அந்த அம்மாள் விசாரித்துக்கொண்டிருந்தார், அந்த வேலையில்தான் காலின் மெக்கன்சி மதுரைக்கு வந்து பண்டிதர்களோடு பழகினார் என்று ஜான்ஸ்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய அந்த மெக்கன்சியை யாருக்குத் தெரியாது!

இலங்கையில் 1811-இல் ஜூரி விசாரணையைக் கொண்டுவந்ததும், அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் 1816 முதல் சுதந்திரர் என்று உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்ததும் இவர்தான். இப்படிப்பட்டவர் ஒரு நாடகத்தால் ஊரைத் திருத்தலாம் என்று நம்பியிருக்கிறார் பாருங்கள். ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்க்கும் மக்களைச் சின்ன வயதில் பார்த்தவர் என்பதால் இருக்குமோ? இது என் ஊகம்தான், அடிக்க வராதீர்கள்.

#13 பழையபுத்தகம்

அருமை, வைகைக்கரை. இந்தியப் பக்கம் இன்னொன்றும் உண்டு. 1849-இல், எண்பத்தாறு வயதில், அகல்யாபாய் ஹோல்கரைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதித் தனிப்பட்ட முறையில் அச்சிட்டார். மால்வாவை ஆண்ட அரசியின் கதையை கம்பெனி அதிகாரி ஜான் மால்கம் எழுதியதிலிருந்து எடுத்துக்கொண்டார். அங்கே யாரையும் திருத்தும் வேலை இல்லை. நன்றாக ஆண்ட ஒரு பெண்ணை வியந்து பார்க்கிறார். எனக்கு இலங்கை நாடகத்தைவிட இது பிடிக்கும்.

#14 யாழ்வாசி

அதைத் தேடிப் படிக்கிறன். நன்றி ஐயா.

#15 புதுவரவு

பைரன் இவரைப் பற்றி ஏதோ அசிங்கமாகச் சொன்னதாக ஒரு பதிவில் படித்தேனே. உண்மையா?

#16 சாரல்

உண்மைதான். 1817 ஏப்ரலில் பதிப்பாளர் மர்ரிக்கு எழுதிய கடிதம். பெண்கள் ஏன் சுமாரான துன்பியல்கூட எழுதவில்லை என்று கேட்டதற்கு, அதற்கு ஆணின் விரை வேண்டும் என்று வோல்டேர் சொன்னாராம். அது நிஜமானால் ஜோஆனா பெய்லி என்ன செய்கிறார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், கடன் வாங்குகிறார் போலும் என்கிறார் பைரன். வைகிறாரா புகழ்கிறாரா என்று சொல்வது கஷ்டம். 1815-இல் ட்ரூரி லேன் நிர்வாகக் குழுவில் இருந்தபோது 'டி மான்ஃபர்ட்'டை மறுபடி மேடையேற்ற முயன்றவரும் இதே பைரன்தான். ஒரு வேடிக்கை, பெய்லி பைரனின் மனைவிக்கு நெருங்கிய தோழி. 1816-இல் அந்தக் குடும்பம் உடைந்தபோது மனைவி பக்கம்தான் நின்றார். அதற்கு அடுத்த வருஷம் எழுதிய கடிதம் இது.

பைரனின் நக்கலைவிட எனக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் பாராட்டுதான் வலிக்கிறது. ஆங்கிலப் பெருமகளிருக்கு முன்மாதிரியாக ஒரு வெளிநாட்டாருக்கு யாரையாவது காட்டுவதென்றால் ஜோஆனா பெய்லியைக் காட்டுவேன் என்றாராம். நாடகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இப்படி "எவ்வளவு தங்கமான மனுஷி" என்று சொல்லிச் சொல்லியே எழுத்தை ஓரங்கட்டிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். ஜெஃப்ரியாவது படித்துவிட்டுத் திட்டினார். அவர்கூட 1812-இல் மறுபடி ஒரு ரவுண்டு திட்டிவிட்டுப் பின்னாளில் சமாதானமாகி, வயதான பெய்லியை வீட்டுக்கே போய்ப் பார்த்து மயங்கி எழுதினார்.

எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ தன் சுயசரிதையில் பெய்லியைப் பற்றி எழுதியதையும் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு அடுத்து இவர்தான் என்று வருஷக்கணக்காக நாலாபக்கமும் சொல்லக் கேட்டவர் பெய்லி, அப்புறம் தன் கண்ணெதிரே வளர்ந்த தலைமுறையில் ஆயிரத்தில் ஒருவர்கூடத் தன் நாடகத்தில் ஒரு வரி படித்திராததையும் பார்த்தவர். அப்படியும் அந்த அமைதியும் சிரிப்பும் குறையவே இல்லையாம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

#17 திரைச்சீலை

"வாசிப்பு நாடகம்" சீட்டை ஒட்டியது யார் என்று டீச்சர் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

#18 பழையபுத்தகம்

ஒரு கை இல்லை, பல கை. கீன் சொன்னதும் ஜெஃப்ரி சொன்னதும் சேர்ந்து கெட்டிப்பட்டது. பெய்லிக்கும் இதில் கொஞ்சம் பங்குண்டு. மேடைக்குப் போகும் முன்பே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அப்போது லண்டனில் உரிமம் பெற்ற பெரிய அரங்குகள் கொஞ்சம்தான், அச்சில் வந்த நாடகத்தை யாரும் எடுத்துப் போடலாம், புதுமை போனது என்று ஒதுக்கவும் செய்யலாம். ஆனாலும் 1804 முன்னுரையைப் படித்தால், தன் நாடகங்கள் நடிக்கப்பட வேண்டும் என்ற ஆசையை அவர் ஒளிக்கவே இல்லை. 1836-இல், எழுபத்து மூன்று வயதில்கூட, 'தி செப்பரேஷன்' கோவென்ட் கார்டனிலும் 'ஹென்ரிக்கேஸ்' ட்ரூரி லேனிலும் அடுத்தடுத்து ஏறின. இரண்டும் நிலைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் 1923-இல் மார்கரெட் கார்ஹார்ட்டின் ஒரு நூல், அப்புறம் நீண்ட தூக்கம். 1992-இல் ஜெஃப்ரி காக்ஸ் தன் கோதிக் நாடகத் தொகுப்பில் 'டி மான்ஃபர்ட்'டைச் சேர்த்தார். 1997-இல் கேத்தரின் பரோஸ், அரங்கம் என்றால் என்ன என்று கோட்பாடு எழுதிய பெண்ணாகவே பெய்லியைக் காட்டினார். ஜூடித் பெய்லி ஸ்லேகல் 1999-இல் கடிதங்களைத் தொகுத்தார். 2001-இல் பீட்டர் டத்தியின் பதிப்பு வந்தபிறகுதான் வகுப்பறையில் கையில் கொடுக்கும்படி ஒரு புத்தகம் கிடைத்தது.

#19 சுடுதண்ணி

சரி, தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் படிக்கலாம் என்றால் எதில் தொடங்குவது? தூக்கம் வராத ஒன்றாகச் சொல்லுங்கள்.

#20 சாரல்

'ஒர்ரா'. அச்சத்துக்கு எழுதிய துன்பியல், 1812 தொகுதியில் இருக்கிறது. சொத்துள்ள பெண், கல்யாணமே வேண்டாம் என்கிறாள். பணிய வைக்க அவளைப் பேய் உலவும் கோட்டைக்கு அனுப்புகிறார்கள். பேய்க்கதை கேட்பதில் அவளுக்கு அலாதி ஆசை, பயந்து நடுங்கிக்கொண்டே "இன்னும் சொல்லு" என்று கேட்பவள். அந்த ஆசையே அவளைத் தின்றுவிடுகிறது. காப்பாற்ற வந்தவனையே பேய் என்று நினைத்துப் புத்தி பேதலிக்கிறாள். கடைசிவரை தெளியவில்லை. பேயே இல்லாத பேய்க்கதை. ராத்திரி படிக்காதீர்கள்.

'டி மான்ஃபர்ட்'டில் ஜேன் வரும் இடத்தை மட்டும் மறுபடி படியுங்கள். வாசலில் ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று பணிச்சிறுவன் ஓடிவந்து சொல்கிறான். இளையவளா மூத்தவளா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை, ஆனால் அழகி, காலம்கூட அவளைக் கண்டு மிரண்டது போல மெல்லத்தான் கைவைத்திருக்கிறது என்கிறான். பியோட்சி பிடித்தது இதைத்தான். சிடன்ஸ் பெய்லியிடம் "இன்னும் சில ஜேன் டி மான்ஃபர்ட்களை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். நாற்பத்தைந்தை நெருங்கும் நடிகைக்கு இப்படி ஒரு வேடம் இன்றைக்கும் யார் எழுதுகிறார்கள்?

#21 திரைச்சீலை

பத்து நாள் கழித்து வருகிறேன். இழையைத் தோண்டி மேலே எடுத்ததற்கு மன்னிக்கவும்.

'டி மான்ஃபர்ட்' நாலாம் அங்கத்தைக் கொச்சையாக மொழிபெயர்த்து எங்கள் பயிற்சி அறையில் வாசித்துப் பார்த்தோம். அறை பதினைந்தடிக்கு இருபதடி இருக்கும். நடிகர் மூன்று, பார்வையாளர் எட்டு. பெய்லி சொன்னபடி ஒரே ஒரு பல்பு, தலைக்கு மேலே. மற்றதெல்லாம் அணைத்துவிட்டோம். காட்டில் அவன் காத்திருக்கும் இடத்தைக் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகவே வாசித்தான் பையன். கொலை மேடைக்கு வெளியேதான் நடக்கிறது. மடத்தில் இறந்தவர்களுக்கான பாட்டு நடக்கும்போது ஒவ்வொருவராக வந்து, காட்டில் ஏதோ அலறல் கேட்டது என்கிறார்கள். அந்த இடத்தில் அறையில் ஒருத்தர் இருமக்கூட இல்லை. கடைசியில் அவனையும் பிணத்தையும் ஒரே அறையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். பல்புக்குக் கீழே அவன் கண் இருந்த இடத்தில் இரண்டு குழிதான் தெரிந்தது.

நீளம் அதிகம்தான், கால்வாசியை வெட்ட வேண்டும். அதை மறைக்க மாட்டேன்.

முடிந்ததும் டீ வந்தது. ரெசன்வெல்டாக வாசித்தவன் ஒரே கேள்விதான் கேட்டான். "அண்ணே, நான் அவனுக்கு அப்படி என்னதான் பண்ணேன்?"

#22 சுடுதண்ணி

இதைத்தான் நானும் மூணாம் பதிவிலேயே கேட்டேன்.

அடுத்த வாசிப்பு எப்போது அண்ணே? நானும் வருகிறேன்.